மின்சாரத்துக்குக் குதிர் கட்டியவர்!

சூரியன் பகலில் காய்கிறது. விளக்கோ இரவில் எரியவேண்டும்.

கூரை மீது சோலார் பேனல் வைக்கிறவர்கள் முதலில் சந்திக்கிற சங்கடம் இதுதான். பகல் முழுவதும் பேனல் மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கிறது. அப்போது விளக்குக்கு வேலை இல்லை. பொழுது சாய்ந்து, பிள்ளைகள் புத்தகத்தை எடுக்கும் நேரத்தில் விளக்கு தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் பேனல் வெறும் கண்ணாடி!

தை மாதம் அறுத்த நெல்லை ஆண்டு முழுவதும் சாப்பிட நம் முன்னோர்கள் குதிர் கட்டினார்கள். அதுபோல, பகலில் கிடைக்கும் மின்சாரத்தை இரவுக்கு வைத்துக்கொள்ளவும் ஒரு குதிர் வேண்டும். அந்தக் குதிர்தான் பாட்டரி.

காரில் இருப்பதும், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும், காயலான் கடையில் தூசி படிந்து கிடப்பதும் பெரும்பாலும் ஒரே வகைப் பாட்டரிதான். உள்ளே காரீயத் தகடு. அதைச் சுற்றிக் கந்தகத் திராவகம். இந்த வகைப் பாட்டரியை முதன் முதலில் செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் பெயர் காஸ்டன் பிளான்டே.

பழைய பாட்டரியை வைத்து வீட்டுக்குச் சூரிய விளக்கு போட நினைக்கிறவர்கள் அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது. பாட்டரி எதனால் வாழ்கிறது, எதனால் சாகிறது என்பது அதிலேயே இருக்கிறது.

மலை நாட்டுப் பிள்ளை

பிரான்சு தேசத்தின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலைக்கு அருகில், ஆர்தெஸ் என்ற சிறிய ஊர் இருக்கிறது. மலையைத் தாண்டினால் ஸ்பெயின் தேசம். அந்த ஊரில் 1834-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி பிளான்டே பிறந்தார்.

பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோதே குடும்பம் பாரிஸ் நகரத்துக்குக் குடியேறியது. தம்பி பிரான்சிஸ், பியானோ வாசிப்பதில் ஐரோப்பா முழுவதும் பெயர் வாங்கினார். 95 வயது வரை வாழ்ந்தார். அண்ணன் காஸ்டனுடைய மனமோ பரிசோதனைச் சாலையில் இருந்தது.

பிளான்டேக்கு முதலில் புகழ் தந்தது மின்சாரம் அல்ல. ஓர் எலும்பு!

1855-ம் ஆண்டில், பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள மூதோன் என்ற இடத்தில் அவர் ஒரு பெரிய கால் எலும்பைக் கண்டெடுத்தார். அது ஒரு பறவையின் எலும்பு என்று தெரிந்தது. சுமார் 5½ கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியில் நடமாடிய பறவை அது. பறக்கத் தெரியாது. ஆள் உயரத்துக்கு நிற்கும். கண்டெடுத்தவர் பெயரை வைத்தே அந்தப் பறவைக்குக் காஸ்டார்னிஸ் என்று பெயர் சூட்டினார்கள். காஸ்டனுடைய பறவை என்று அர்த்தம். அப்போது பிளான்டேக்கு வயது 20.

ஒரே கூரையின் கீழ்!

அதற்கு ஓராண்டுக்கு முன்பு, 1854-ல், பிளான்டே ஒரு வேலையில் சேர்ந்திருந்தார். பாரிசில் பழைய கிறிஸ்தவ மடம் ஒன்றின் கட்டிடத்தில் தொழிற்கலைக் கழகம் நடந்துவந்தது. இயந்திரங்களைக் காட்சிக்கு வைத்து, தொழில் அறிவைப் போதிக்கும் இடம் அது. அங்கே பவுதிகப் பேராசிரியருக்கு உதவியாளராகப் பிளான்டே அமர்ந்தார். பாடம் நடக்கும்போது கருவிகளை எடுத்து வைக்கவேண்டும், பரிசோதனைகளைச் செய்து காட்டவேண்டும். அதுதான் வேலை.

அந்தப் பேராசிரியர் யார் தெரியுமா? எட்மண்ட் பெக்கெரல்.

பெக்கெரல் 19 வயது வாலிபராக இருந்தபோது, 1839-ல், ஒரு புதுமையைக் கண்டார். திராவகத்தில் தோய்ந்த உலோகத் தகடுகள் மீது வெளிச்சம் விழுந்தால் மின்சாரம் உண்டாகிறது என்பதே அது. இன்று கூரைகளில் மின்னும் சோலார் பேனலுக்கு மூல விதை அந்தப் பரிசோதனைதான்.

வெளிச்சத்தில் இருந்து மின்சாரம் வருவதைக் கண்டவர் குரு. மின்சாரத்தைச் சேர்த்துவைக்க வழி கண்டவர் சீடர். சூரிய விளக்கின் இரண்டு பாதிகளுக்கும் காரணமானவர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள்! அந்த இரண்டு பாதிகளையும் ஒன்று சேர்க்கலாம் என்ற எண்ணம் அன்று யாருக்கும் வரவில்லை. பெக்கெரல் கண்ட மின்சாரம் அவ்வளவு சொற்பம்.

தின்று தீர்க்கும் பாட்டரி

அந்தக் காலத்தில் பாட்டரியே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. 1800-லேயே இத்தாலியரான வோல்ட்டா பாட்டரி செய்துவிட்டார். அதற்குப் பிறகு பலர் பலவிதமான பாட்டரிகளைச் செய்தார்கள்.

ஆனால் அவை எல்லாம் விறகு அடுப்பு மாதிரி. எரிய எரிய விறகு தீரும். அதுபோல, பாட்டரி மின்சாரம் கொடுக்கக் கொடுக்க, உள்ளே இருக்கும் துத்தநாகம் கரைந்து தீரும். தீர்ந்ததும் புதிய துத்தநாகம் போடவேண்டும். திராவகத்தையும் மாற்றவேண்டும். தந்தி ஆபீசுகளுக்கு இது பெரிய செலவு.

ஒரு தடவை தீர்ந்த பாட்டரியை மறுபடியும் நிரப்ப முடியுமா? இந்தக் கேள்விதான் பிளான்டேயைப் பிடித்துக்கொண்டது.

ஒரு சிறு துப்பு முன்பே கிடைத்திருந்தது. இரண்டு உலோகத் தகடுகளைத் திராவகத்தில் நிறுத்தி, அவற்றின் வழியாக மின்சாரம் செலுத்தினால், நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் எதிர்த் திசையில் மின்சாரம் திரும்பி வரும். ஜெர்மனியில் ரிட்டர் என்பவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்திருந்தார். ஆனால் அது கண நேரத்தில் ஓய்ந்துவிடும். மற்றவர்கள் அதை ஒரு தொந்தரவு என்றுதான் எண்ணினார்கள்.

தொந்தரவையே உபயோகமாக மாற்றமுடியுமா என்று பிளான்டே பார்த்தார். உலோகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திராவகத்தில் நிறுத்தினார். தாமிரம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று விலை உயர்ந்தவை எல்லாம் போட்டிக்கு வந்தன. போட்டியில் ஜெயித்தது எது?

காரீயம்! மீன் வலைக்குக் குண்டாகவும் குழாயாகவும் உபயோகப்பட்ட மலிவான உலோகம்! எல்லாவற்றையும்விட அதிக பலத்தோடும், அதிக நேரமும், அதுதான் மின்சாரத்தைத் திருப்பித் தந்தது.

1859

பிளான்டே செய்த பாட்டரியை வர்ணிப்பது சுலபம். இரண்டு நீளமான காரீயத் தகடுகள். ஒன்றை ஒன்று தொடாதபடி நடுவில் துணி. இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டினார். ஒரு கண்ணாடி ஜாடிக்குள் நிறுத்தினார். தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு கந்தகத் திராவகம் கலந்து ஊற்றினார். தீர்ந்தது வேலை!

1859-ம் ஆண்டு அது. பிளான்டேக்கு வயது 25.

மறு ஆண்டு, 1860-ல், இதுபோன்ற ஒன்பது ஜாடிகளைச் சேர்த்து ஒரு பாட்டரியாக்கி, பிரெஞ்சு விஞ்ஞான அகாடமி முன்பு வைத்தார். ஒரு ஜாடிக்குச் சுமார் 2 வோல்ட். இன்றைய கார் பாட்டரியிலும் அதே கணக்குதான். அதன் வயிற்றில் ஆறு அறைகள் இருக்கின்றன. அறைக்கு 2 வோல்ட் வீதம் மொத்தம் 12 வோல்ட். அன்று முதல் இன்று வரை அந்தக் கணக்கு மாறவில்லை.

உள்ளே நடப்பது என்ன? மின்சாரம் ஏறும்போது ஒரு தகட்டின் மேல் பழுப்பு நிறத்தில் காரீய ஆக்சைடு படிகிறது. மற்றத் தகடு சாம்பல் நிறக் காரீயமாக இருக்கிறது. மின்சாரம் வெளியே போகும்போது இரண்டு தகடுகளும் திராவகத்தில் உள்ள கந்தகச் சத்தை உறிஞ்சி, இரண்டின் மேலும் காரீய சல்பேட் என்ற வெள்ளைப் படிவு உண்டாகிறது. திராவகம் நீர்த்துப்போகிறது. மறுபடியும் மின்சாரம் ஏற்றினால், படிவு கரைந்து எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. எதுவும் எரிந்து தீர்ந்துபோவதில்லை. குதிரில் நெல்லைப் போடுவதும் எடுப்பதும் போலத்தான்.

காளையைப் பழக்குவதுபோல!

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. புதிய காரீயத் தகடு அதிக மின்சாரத்தைத் தாங்காது. வழவழப்பான மேற்பரப்பில் கொஞ்சம்தான் ஒட்டும்.

பிளான்டே என்ன செய்தார்? மின்சாரம் ஏற்றினார். இறக்கினார். முனைகளை மாற்றி மறுபடியும் ஏற்றினார். ஓய்வு கொடுத்தார். மீண்டும் ஏற்றினார். முதலில் மணிக்கணக்கில். பிறகு நாள் கணக்கில். பிறகு வாரக் கணக்கில். இப்படிச் செய்யச் செய்ய, காரீயத்தின் மேற்பரப்பு கடற்பஞ்சுபோல நுண்ணிய துளைகள் நிறைந்ததாக மாறியது. அதிக மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டது.

இளங்காளையை நுகத்தில் பூட்டிப் பழக்குவது போன்ற வேலை இது. ஒரு பாட்டரி பதப்படப் பல மாதங்கள் ஆயின. அவசரக்காரர் செய்யக்கூடிய காரியம் அல்ல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிளான்டேயின் பாட்டரி புதிதாக இருக்கும்போது சோனி. உழைக்க உழைக்கத்தான் பலசாலி. அதாவது, அன்று பழைய பாட்டரிக்குத்தான் மதிப்பு!

ஆறு இல்லாத ஊரில் ஏரி!

பாட்டரி தயார். ஆனால் அதை எதைக்கொண்டு நிரப்புவது? டைனமோ இயந்திரம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே பிளான்டே பழைய துத்தநாகப் பாட்டரியைக் கொண்டுதான் தன் பாட்டரியை நிரப்பினார். நீரே வராத ஊரில் ஏரி வெட்டி, குடத்தால் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது பெரும்பாலும் பரிசோதனைச் சாலைப் பொருளாகவே இருந்தது.

பிளான்டே மனம் தளரவில்லை. 1860 முதல் பாரிசில் பொதுமக்களுக்குக் கல்வி புகட்டும் ஒரு சங்கத்தில் பவுதிகம் போதித்தார். பெரிய படிப்புப் படிக்காத தொழிலாளர்களுக்காக ஏற்பட்ட சங்கம் அது. மற்ற நேரத்தில் பாட்டரிகளோடு பொழுதைக் கழித்தார்.

சிறு பாட்டரி ஒன்றைப் பெட்டியில் வைத்து, பிளாட்டினக் கம்பியைச் சிவக்கக் காயவைத்து, மெழுகுவத்தி ஏற்றும் கருவி ஒன்றைச் செய்தார். அதற்குச் சனிபகவானின் சக்கிமுக்கி என்று அர்த்தப்படும்படி பெயர் வைத்தார். நம் நாட்டில் சனிக்கு உரிய உலோகம் இரும்பு. மேல்நாட்டு ரசவாதிகளோ காரீயத்தைத்தான் சனியின் உலோகம் என்றார்கள். அந்தச் சனி, வீட்டில் விளக்கு ஏற்ற வந்துவிட்டார்!

பிறகு 800 ஜாடிகளை ஒன்றாக இணைத்துப் பெரிய பாட்டரி அமைத்தார். அதில் இருந்து கிளம்பிய நெருப்புப் பொறிகளைக் கொண்டு மின்னல் எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்தார். 1879-ல் தன் ஆராய்ச்சிகளை எல்லாம் ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

காலம் மாறியது

1870-களில் டைனமோ இயந்திரங்கள் வந்துசேர்ந்தன. நீராவி என்ஜினால் சுற்றினால் மின்சாரம் கொட்டியது. ஆற்றில் வெள்ளம் வந்ததும் ஏரியின் அருமை எல்லாருக்கும் புரிந்தது.

1881-ல் காமில் போர் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர், பிளான்டேயின் பாட்டரியில் ஒரு மாறுதல் செய்தார். மாதக்கணக்கில் பழக்குவதற்குப் பதிலாக, காரீய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டின் மேல் பூசிவிட்டார். சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பூசுவதுபோல! பல மாத வேலை சில நாட்களில் முடிந்தது.

அதே ஆண்டு, இப்படிச் செய்த நான்கு பாட்டரிகளை மின்சாரம் நிரப்பி, பாரிசில் இருந்து ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரத்துக்கு, விஞ்ஞானி வில்லியம் தாம்சனிடம் கொண்டுபோனார்கள். மூன்று நாள் பயணம். போய்ச் சேர்ந்த பிறகும் மின்சாரம் உள்ளேயே இருந்தது! பெட்டியில் போட்டு மின்சாரத்தை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக முடியும் என்று உலகம் வியந்தது.

1881-லேயே பாரிஸ் வீதியில் குஸ்தாவ் துரூவே என்பவர், பிளான்டே முறைப் பாட்டரியை வைத்து மூன்று சக்கர மின்சார வண்டி ஓட்டினார். அந்த ஆண்டு அகாடமி பிளான்டேக்குப் பரிசு அளித்தது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் உழைப்புக்குப் பலன் கிடைத்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1889-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி, பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள பெல்வியூ என்ற இடத்தில் பிளான்டே காலமானார். அவருக்கு வயது 55. நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அது நிலாவின் மறுபக்கத்தில் இருக்கிறது. பூமியில் இருந்து பார்த்தால் தெரியாது. அவருடைய புகழும் அப்படித்தான். பாட்டரியை அறியாதவர் இல்லை. செய்தவரை அறிந்தவர் சிலரே.

குரு பெக்கெரல் போட்ட விதை முளைக்க இன்னும் 65 ஆண்டுகள் ஆயின. 1954-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையினர், சிலிக்கன் தகட்டினால் ஆன சோலார் செல்லைச் செய்து காட்டினார்கள். குருவின் பாதியும் சீடரின் பாதியும் வீட்டுக் கூரையின் மேலும் கீழும் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

பழைய பாட்டரி உதவுமா?

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

இன்று காயலான் கடையில் கிடைப்பது பிளான்டே பழக்கிய தகடு அல்ல. போர் பூசிய தகட்டின் வாரிசு. இது புதிதாக இருக்கும்போதுதான் பலசாலி. உழைக்க உழைக்கப் பூச்சு உதிரும். ஆகவே பழைய பாட்டரியை நம்பி இறங்குவதற்கு முன்னால் அதைச் சோதிக்கவேண்டும்.

இன்வெர்ட்டரில் இருந்து கழித்த பாட்டரியாக இருந்தால் விசேஷம். அதில் தகடுகள் கனமானவை. மெதுவாக, நெடுநேரம் மின்சாரம் கொடுக்கவே செய்தவை. கார் பாட்டரியில் தகடுகள் மெல்லியவை. என்ஜினைக் கிளப்ப ஒரு கணம் பலமாக உதைப்பதே அதன் தொழில். அதைப் பாதிக்குமேல் காலி செய்தால் சீக்கிரம் படுத்துவிடும். லேப்டாப்பில் இருந்து எடுத்த லிதியம் பாட்டரியை, தொழில் தெரியாதவர்கள் தொடவே கூடாது. தவறினால் தீப்பிடிக்கும்.

முதலில் வெளிப்பார்வை. பெட்டி உப்பியிருந்தாலும், வெடிப்பு விட்டிருந்தாலும் வேண்டாம். பிறகு முழுவதும் சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு சும்மா விடவேண்டும். காலையில் மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். 12.6 வோல்ட் காட்டினால் நல்ல அடையாளம். பத்தரை வோல்ட் காட்டினால், ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். அது உதவாது.

மூன்றாவது சோதனை முக்கியமானது. 21 வாட் கார் பல்பு ஒன்றை அந்தப் பாட்டரியில் எரியவிட வேண்டும். அது சுமார் 1¾ ஆம்பியர் இழுக்கும். பல்பு எரியும்போதே பாட்டரியின் வோல்ட் பதினொன்றரைக்கு இறங்கும் வரை எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்க்கவேண்டும். 12 மணி நேரம் எரிந்தால், பாட்டரியில் 21 ஆம்பியர்-மணி இருக்கிறது. மேலே 60 என்று அச்சடித்திருக்கலாம். அதை நம்பக்கூடாது. பல்பு சொல்வதைத்தான் நம்பவேண்டும். சோதனை முடிந்ததும் உடனே மறுபடியும் சார்ஜ் ஏற்றிவிட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

21 ஆம்பியர்-மணி போதுமா? கணக்குப் பார்ப்போம்.

5 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று. தினம் 4 மணி நேரம் எரிகிறது. மொத்தம் 60 வாட்-மணி. 12 வோல்ட் பாட்டரியில் இது 5 ஆம்பியர்-மணி. பாட்டரியில் பாதிக்குமேல் எடுப்பதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டால், 10 ஆம்பியர்-மணி வேண்டும். ஒரு நாள் மழை மூட்டத்துக்கும் சேர்த்தால் 20. ஆக, மூன்றில் இரண்டு பங்கு பலம் போன பாட்டரிகூட ஒரு சின்ன வீட்டுக்கு விளக்கு ஏற்றிவிடும்!

பேனல் எவ்வளவு பெரியது? நம் நாட்டில் நாளைக்கு நாலைந்து மணி நேரம் முழு வெயில் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். வழியில் வீணாவதையும் சேர்த்து, இந்த வீட்டுக்கு 40 வாட் பேனல் தாராளம்.

பேனலை நேரே பாட்டரியில் இணைக்கக்கூடாது. நடுவில் சார்ஜ் கண்ட்ரோலர் என்ற சிறு பெட்டி அவசியம். அதுதான் குதிருக்குக் காவல்காரன். பாட்டரி 14.4 வோல்ட்டை எட்டியதும் மேலும் ஏறாமல் தடுக்கும். காலியாகும் நிலை வந்தால் விளக்கை அணைக்கும். கண்ட்ரோலரில் முதலில் பாட்டரியை இணைக்கவேண்டும். பிறகுதான் பேனலை. கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பாட்டரி.

பாட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் பியூஸ் ஒன்றைப் போடவேண்டும். கம்பியும் அதைத் தாங்கும் கனத்தில் இருக்கவேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் இரண்டு கம்பிகள் உராய்ந்தால், பலம் போன பாட்டரிகூடக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வீட்டைக் கொளுத்திவிடும். புதிய பாட்டரியையும் பழைய பாட்டரியையும் ஒன்றாகச் சேர்க்கவும் கூடாது. நொண்டி மாட்டோடு நல்ல மாட்டைப் பூட்டினால் இரண்டுமே கெடும்.

எது கொல்கிறது?

பாட்டரியைக் கொல்வது உழைப்பு மட்டும் அல்ல. பட்டினியும்தான்.

மின்சாரம் இறங்கியபோது உண்டாகும் வெள்ளைப் படிவு, உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். காலியான பாட்டரியை வாரக்கணக்கில் அப்படியே போட்டுவைத்தால், அந்தப் படிவு கல்லாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்சாரம் செலுத்தினாலும் பெரும்பகுதி கரையாது. காயலான் கடைக்குப் போகும் பாட்டரிகளில் பல இப்படிச் செத்தவைதான். ஏற்றுவதும் இறக்குவதுமாக வாழவேண்டிய பொருளைக் காலியாகத் தூங்கவைப்பதுதான் தவறு. தினமும் காலையில் சூரியன் வந்து நிரப்புவதால், சோலார் வீடு பாட்டரிக்கு நல்ல புகுந்த வீடு.

பாட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றவேண்டும். திராவகம் கூடாது. குழாய்த் தண்ணீரும் கூடாது. சார்ஜ் ஏறும்போது பாட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அது வெடிக்கக்கூடியது. ஆகவே காற்றோட்டமான இடத்தில் வைக்கவேண்டும். பக்கத்தில் அடுப்பு, பீடி, ஊதுவத்தி எதுவும் ஆகாது. திராவகம் கண்ணில் பட்டால் கண் போய்விடும். வேலை செய்யும்போது கண்ணாடி அணியவேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. காரீயம் விஷம். அதிலும் குழந்தைகளின் மூளைக்குப் பெரும் விரோதி. பாட்டரியை உடைத்து, கொல்லைப்புறத்தில் காரீயத்தைக் காய்ச்சி எடுப்பதை யாரும் செய்யக்கூடாது. திராவகத்தைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. பிளான்டே தன் தகட்டைச் சுருட்டிய காலத்தில் இருந்த எச்சரிக்கையைவிட நமக்கு இன்று தெரிந்தது அதிகம்.

உண்மையிலேயே உயிர் போன பாட்டரியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதைத் திரும்பப் பெற்று, முறையாக உருக்கி, மறுபடியும் உபயோகிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பு பாட்டரி தயாரிப்பவர்களுடையது என்று 2022-ம் ஆண்டு இந்திய அரசு விதி செய்திருக்கிறது. முறையான ஆலையில் உருக்கினால், அதே காரீயம் மறுபடியும் புதுப் பாட்டரியாக வரும். இவ்வளவு சுலபமாக மறுபிறவி எடுக்கும் பொருள் வேறு அதிகம் இல்லை.

பிளான்டே, தீர்ந்துபோவதைத் தீராததாக ஆக்கப் பாடுபட்டவர். ஒரு தடவை உபயோகித்து எறிவதை அவர் மனம் ஒப்பவில்லை. காயலான் கடைக்குப் போக இருந்த பாட்டரியைச் சோதித்து எடுத்து, இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஒரு வீட்டில் விளக்கு எரியவைக்கிறவர், அந்த வேலையைத்தான் தொடர்ந்து செய்கிறார்.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு மீட்டர், ஒரு பல்பு, ஒரு கடிகாரம் போதும். அவற்றோடு பிளான்டேயிடம் இருந்த பொறுமையில் கொஞ்சம் வேண்டும்.